மூக்கு என்னும் மூன்றாம் அறிவு

தொல்காப்பியர் மரபியலில் மெய், நாக்குக்கு அடுத்து மூக்கை மூன்றாம் அறிவாக வைத்தார். சமண ஆகமங்களின் வரிசையும் அதுவே; எறும்பு மூவறிவுயிர் என்பதிலும் இரண்டும் ஒன்றுபடுகின்றன. இவ்வறிவை நாம் பெரிதாக மதிப்பதில்லை.

சாலைக் கடைத்தெருவில் பெருங்காயம் விற்ற நண்பர் ஒருநாள், "நயினாரே, சரக்கு மணக்கவே மாட்டேங்குது" என்றார். "வயசாச்சு, ஜலதோஷமா இருக்கும்" என்று சிரித்தேன். சில ஆண்டுகளில் அவர் கை நடுங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள்.

1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நடுக்கத்தை விவரித்தார். மணமிழப்பு பல ஆண்டுகள் முந்தியே வரக்கூடும் என்பது பின்னரே தெரிந்தது. மூக்கின் உச்சியிலுள்ள மண நரம்பணுக்கள் நேரே மூளைக்கு இழை விடுகின்றன. அங்கே மெல்லிய தூரிகையால் எடுத்த அணுக்களில், 2014-இல் இத்தாலி, அமெரிக்க ஆய்வாளர்கள் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாகோப் என்ற கொடிய மூளை நோயின் தடயத்தை 31 நோயாளிகளில் 30 பேரிடம் கண்டனர். உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால் வீசும் கோளாறு பார்க்கின்சனுக்கு முன்னறிகுறி. அதுடைய 63 பேரில் 28 பேரின் மூக்கணுக்களில் அந்நோய்க்குரிய புரதத் தடயம் இருந்ததை 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பாதிக்கும் குறைவுதான், இதையே முடிவாகக் கொள்ளலாகாது. மணமிழந்தோர் எல்லாரும் நோயாளிகளும் அல்லர். ஆயினும் வீட்டுப் பெரியவர் "மணக்கலை" என்றால் என்னைப்போலச் சிரிச்சிடாதீங்க. நம்ம ஊர் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் நடுக்க நோய்களுக்கென்றே தனிப்பிரிவு உண்டு.