ரொத்சைல்ட்: புசல்லாவைக்கு வந்த பெயர்

கண்டியிலிருந்து கம்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் இருக்கிறது புசல்லாவை. அங்கே ரொத்சைல்ட் என்றால் தோட்டம்: தேயிலை மலை, லயம், பெரட்டுக்களம். பிரான்ஸின் போர்தோ பக்கம் அதே பெயரைச் சொன்னால் வைன். ஷாத்தோ லஃபீத் ரொத்சைல்ட், ஷாத்தோ மூத்தோன் ரொத்சைல்ட் ஆகிய இரண்டும் நிலவறையில் பல பத்தாண்டுகள் கிடந்து பதம் வந்த பிறகு திறக்கப்படும் சிவப்பு வைன்கள். தோட்டத்துக்கும் வைனுக்கும் பெயர் கொடுத்தது ஒரே குடும்பம். அந்தப் பெயர் முதலில் வந்து சேர்ந்தது புசல்லாவைக்குத்தான்.

பெயர் பிறந்த இடம் ஜெர்மனியின் பிராங்பேர்ட். அங்கே யூதர்கள் ஒரே ஒரு தெருவுக்குள் அடைபட்டு வாழ வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. வாசலில் மாட்டிய சின்னத்தை வைத்தே வீட்டை அடையாளம் சொன்னார்கள். 16ஆம் நூற்றாண்டில் அங்கே இந்தக் குடும்பம் வாழ்ந்த வீட்டுக்குச் சிவப்புக் கேடயம் அடையாளமாக இருந்தது. ஜெர்மன் மொழியில் ‘ரோட்’ சிவப்பு, ‘ஷில்ட்’ கேடயம். குடும்பம் பின்னால் வேறு வீட்டுக்குக் குடிபோனபோதும் பழைய வாசலின் பெயர் கூடவே போனது. வங்கித் தொழிலில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய மாயர் அம்ஷெல் வாங்கிய வீட்டின் பெயரோ பச்சைக் கேடயம். வீட்டின் நிறம் மாறியும் பெயரின் நிறம் மாறவில்லை.

ஆங்கிலேயர் வாயில் இந்தச் சொல் ‘ரொத்ஸ்’, ‘சைல்ட்’ என்று தவறான இடத்தில் பிளந்தது. தோட்டத்துத் துரைமார் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்டு நம் ஆட்களும் ரொத்சைல்ட் என்றார்கள். நாம் எழுதும் ‘சைல்ட்’ என்ற ஓசையில் கேடயம் மறைந்துபோனது.

மாயர் அம்ஷெலின் மூத்த மகள் வோர்ம்ஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய மகன்கள் மொரிஸ், கேப்ரியல் ஆகிய இருவரும் இலங்கைக்கு வந்து புசல்லாவையில் கோப்பி பயிரிட்டுத் தோட்டத்துக்குத் தாய்வழிப் பெயரை வைத்தார்கள். வோர்ம்ஸ் என்பதும் ரைன் நதிக்கரையில் உள்ள ஓர் ஊரின் பெயர். லீப்ஃபிராவ்மில்ஹ் என்ற வெள்ளை வைன் அந்த ஊர் மாதா கோயிலைச் சுற்றிய திராட்சைத் தோட்டத்தில் தோன்றியது. ஆக, தந்தை வழியிலும் திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது.

1841இல் மொரிஸ் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து இந்தத் தோட்டத்தில் நட்டார். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட 1867ஐத்தான் பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறது. வணிகப் பயிராகத் தேயிலை வேரூன்றியது டெய்லரால்தான், அதில் மாற்றமில்லை. ஆனாலும் 26 ஆண்டு முந்திய புசல்லாவைக் கன்றுகளுக்கு ஒரு வரியாவது கொடுக்க வேண்டும்.

போர்தோவில் பெயர் ஏறியது புசல்லாவைக்குப் பிறகுதான். லண்டன் கிளையைச் சேர்ந்த நத்தானியேல் 1853இல் பொயாக் ஊரிலுள்ள மூத்தோனை வாங்கினார். பாரிஸில் இருந்த ஜேம்ஸ் ரொத்சைல்ட் 1868இல் லஃபீத்தை வாங்கி, அதே ஆண்டில் இறந்தும் போனார். லஃபீத் என்பது மேடு என்று பொருள்படும் கஸ்கோனியச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். மூத்தோனுக்கும் மேடு என்றே பொருள் சொல்வதுண்டு. செம்மறியாடு என்ற பிரெஞ்சுப் பொருள் ஓசை ஒற்றுமையால் பின்னால் ஒட்டிக்கொண்டது. அந்த மேடுகள் கூழாங்கல் நிலம். மழைத்தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும், கொடியின் வேர் ஆழம் தேடி இறங்கும். அங்கே விளையும் கபெர்னே சோவிஞோன் திராட்சையின் தடித்த தோலில் துவர்ப்பு அதிகம். இளம் வைனில் நாக்கை இழுக்கும் அந்தத் துவர்ப்பு ஓக் பீப்பாயிலும் பிறகு போத்தலிலும் மெல்ல மெல்ல இளகுகிறது. நம் மலைத் தேயிலைக்கு இந்த வரம் இல்லை. நாள்பட்டால் மணம் போய்விடும்.

பெயரின் கதியும் அப்படித்தான் பிரிந்தது. 1924இல் பிலிப் த ரொத்சைல்ட், மூத்தோன் வைனை வியாபாரியிடம் பீப்பாயாகக் கொடுக்காமல் தோட்டத்திலேயே போத்தலில் அடைக்கத் தொடங்கினார். குடிப்பவர் கைக்குப் போகும்வரை பெயர் போத்தலிலேயே இருக்கிறது. தேயிலைப் பெட்டியிலும் தோட்டத்தின் பெயரைப் பொறித்துத்தான் ஏலத்துக்கு அனுப்பினார்கள். ஏலம் முடிந்ததும் பல தோட்டத்துத் தூளைக் கலந்து, கம்பெனி தன் பெயரைப் போட்டுக்கொண்டது. கொழுந்து கிள்ளியவளின் மலை எது என்று தேநீர் குடிப்பவருக்குத் தெரிய வழியே இல்லாமல் போனது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

வோர்ம்ஸ் சகோதரர்கள் 1860களில் தோட்டத்தை விற்றுவிட்டுப் போனார்கள். அடுத்து இலைநோய் வந்து கோப்பியும் அழிந்தது. பெயரைக் காப்பாற்றியவர்கள் தமிழகத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிய சனங்கள். மலையகத்தில் முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால் முதல் கேள்வி “நீங்க எந்தத் தோட்டம்?” என்பதுதான். கலியாணப் பத்திரிகையிலும் அடையாள அட்டையிலும் பெயருக்குப் பக்கத்தில் தோட்டம் வந்துவிடும். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால், கடிதம் தோட்ட ஆபிஸுக்கு வந்து அங்கிருந்து கைமாறிச் சேரும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிள்ளைகளும் உண்டு. ரொத்சைல்ட் என்ற வரிக்கு மேலே ஒரு வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் அந்தச் சனங்களுக்குக் கிடைக்க வேண்டும்.