பெட் சவுண்ட்ஸ்

'பெட் சவுண்ட்ஸ்' என்பது அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழு 1966 மே 16 அன்று வெளியிட்ட பாப் இசைத்தட்டு. 13 உருப்படிகள், சுமார் 36 நிமிடம். இசையமைத்துத் தயாரித்தவர் பிரையன் வில்சன். பெரும்பாலான பாடல்களை விளம்பரத் துறையில் இருந்த டோனி ஆஷர் அவருடன் சேர்ந்து எழுதினார்.

அலைச்சறுக்கையும் காரையும் கோடைக்காலத்தையும் பாடிப் பேர்வாங்கிய குழு அது. 1964 டிசம்பரில் விமானப் பயணத்தில் கடும் மனப்பதற்றத்துக்கு ஆளான வில்சன், கச்சேரிப் பயணங்களை விட்டுவிட்டு ஒலிப்பதிவுக் கூடமே கதியென்று ஆனார். பிரிட்டனின் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட 'ரப்பர் சோல்' தட்டில் ஒப்புக்குச் சேர்த்த பாட்டு எதுவும் அவர் காதுக்குப் படவில்லை. தானும் அப்படியொன்று செய்யத் துணிந்தார். 1966 தொடக்கத்தில் குழுவினர் ஜப்பானில் பாடிக்கொண்டிருக்க, லாஸ் ஏஞ்சலிஸின் தேர்ந்த ஸ்டுடியோ கலைஞர்களை வைத்து வாத்தியங்களைப் பதிந்தார். அக்கார்டியன், பிரெஞ்சு ஹார்ன், தெரமின் போல ஒலிக்கும் மின்கருவி, சைக்கிள் மணி, காலித் தண்ணீர்க் குடுவை என எல்லாமே அதில் உண்டு. கடைசிப் பாட்டு ரயில் ஓசையிலும் அவர் வளர்த்த நாய்களின் குரைப்பிலும் முடிகிறது. இத்தனை ஒலிகளும் வேடிக்கைக்காக வந்தவை அல்ல. வளர்ந்துவிட்டோமே என்ற பயம், காதல் நிலைக்குமா என்ற ஐயம், எங்கும் ஒட்டாத தனிமை இவற்றையே அவை தாங்கி நிற்கின்றன. மெட்டு துள்ளும்போதும் சோகம் அடியில் ஓடிக்கொண்டே இருப்பதுதான் இத்தட்டின் தனிச்சிறப்பு.

கடற்கரைக் குதூகலத்தை எதிர்பார்த்திருந்த அமெரிக்காவில் இது 10ஆம் இடத்தோடு நின்றது. சில வாரங்களிலேயே இசைத்தட்டு நிறுவனம் குழுவின் பழைய வெற்றிப் பாடல்களைத் தனித்தொகுப்பாகச் சந்தைக்கு விட்டதும் உதவவில்லை. பிரிட்டனிலோ 2ஆம் இடம் வரை ஏறியது. பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி இதில் மனம் பறிகொடுத்தார். 1967இல் வந்த பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டு உருவாக இது ஒரு முக்கியத் தூண்டுகோல். சொந்த நாட்டின் முழு அங்கீகாரம் மெல்லத்தான் வந்தது. 2004இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2016இல், 50ஆம் ஆண்டையொட்டி, வில்சன் முழுத் தட்டையும் உலக மேடைகளில் பாடினார். 2025 ஜூனில் அவர் மறைந்தார்.

வில்சனுக்கு வலக்காது ஏறக்குறையக் கேட்காமல் இருந்தது. அதுவும் ஒரு காரணமாக, எல்லா ஒலியும் ஒரே தடத்தில் வரும் மோனோவில்தான் தட்டைக் கலந்தார். ஸ்டீரியோ வடிவம் 1997இல் வந்தது. அதில் வாத்தியங்கள் பிரிந்து தெளிவாகக் கேட்கின்றன என்பது உண்மை. ஆனாலும் புதிதாகக் கேட்பவர் மோனோவிலிருந்து தொடங்குவதே நல்லது. இரண்டு மூன்று வாத்தியங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து, இன்னதென்று பிரித்தறிய முடியாத புதிய நாதமாவதை அதில்தான் கேட்கலாம்.