இணைவதற்கு முன் ஒரு கேள்வி

இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றிணைய விரும்பினால், அரசு அமைப்பு ஒன்று வழித்தடம் வழித்தடமாகக் கணக்குப் பார்க்கிறது. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குப் போகிறவருக்கு இனி எத்தனை நிறுவனங்கள் மிஞ்சும்? இன்று இயல்பாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு உரிய இடம் கிடைக்க அமெரிக்காவில் நெடுங்காலம் ஆனது.

அங்கே 1938 சட்டத்தின்படி, யார் எந்த ஊருக்குப் பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதை அரசு வாரியமே முடிவு செய்தது. இணைப்புக்கும் அதன் அனுமதி வேண்டியிருந்தது. கட்டணமே அரசு கையில் இருந்ததால், போட்டி குறையுமே என்ற கவலை பெரிதாக எழவில்லை. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இந்தக் கட்டுப்பாடுகளை நீக்க வழிசெய்தது. வாரியத் தலைவராக இருந்த பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் கான் இதற்காக உழைத்தார். 1984 முடிவில் வாரியமே மூடப்பட்டது. கட்டணத்தை அடக்கி வைக்கும் பொறுப்பு அதன் பிறகு போட்டியிடமே இருந்தது. இணைப்புகளை அனுமதிக்கும் அதிகாரமோ போக்குவரத்துத் துறைக்குப் போனது.

1986இல் சோதனை வந்தது. மினியாபொலிஸ்–செயின்ட் பால் விமான நிலையத்தை மையமாகக் கொண்டிருந்த நார்த்வெஸ்ட், ரிபப்ளிக் இரண்டும் இணைய விண்ணப்பித்தன. போட்டிச் சட்டத்தைக் காக்கும் நீதித்துறை எதிர்த்தது. போக்குவரத்துத் துறை அனுமதித்தது. விமானத்தை எங்கும் நகர்த்தலாம்; கட்டணம் ஏறினால் வேறொரு நிறுவனம் உடனே உள்ளே வந்துவிடும் என்பதே அப்போது செல்வாக்குப் பெற்றிருந்த வாதம்.

விமானம் நகரும், உண்மைதான். ஆனால் பயணிகள் ஏறும் கேட் நகராது. அது நீண்டகாலக் குத்தகையில் பழைய நிறுவனத்தின் கையில் இருக்கும். நெரிசலான நிலையங்களில் தரையிறங்கவும் கிளம்பவும் 'ஸ்லாட்' என்னும் நேர உரிமை வேண்டும். அதுவும் ஏற்கெனவே பங்கு போடப்பட்டிருக்கும். புதிதாக வருகிறவர் விமானம் வைத்திருந்தும் நிறுத்த இடமில்லாமல் நிற்பார். நார்த்வெஸ்ட் இணைப்புக்குப் பின் அந்த நிலையத்து வழித்தடங்களில் கட்டணம் உயர்ந்ததை செவரின் போரன்ஸ்டைன் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

1989 ஜனவரி முதல் இணைப்பு ஆய்வு நீதித்துறையின் பொறுப்பானது. விமானத் தொழிலை வளர்க்கும் துறையைவிட, போட்டியைக் காக்கும் துறையிடம் இந்த வேலை இருப்பதே நியாயம். 2013இல் அமெரிக்கன், யுஎஸ் ஏர்வேஸ் இணைப்பை எதிர்த்து அது நீதிமன்றம் சென்றது. நிறுவனங்கள் வாஷிங்டன் ரீகன் நிலையத்தில் மட்டும் 104 ஸ்லாட்டுகளைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதித்த பிறகே சமரசம் ஏற்பட்டது. 1986இல் கவனிக்கப்படாத தரைப்பகுதி இப்போது நிபந்தனையின் மையமாகிவிட்டது.

அந்தக் கேள்வி நம் ஊர் வரை வந்திருக்கிறது. ஏர் இந்தியா–விஸ்தாரா இணைப்பை இந்தியப் போட்டி ஆணையம் 2023 செப்டம்பரில் நிபந்தனைகளோடு ஏற்றது. சிங்கப்பூரின் போட்டி ஆணையமும் தனியாக ஆராய்ந்து, 2024 மார்ச்சில் ஒப்புதல் தந்தது. சிங்கப்பூரிலிருந்து டெல்லி, மும்பை செல்லும் வழித்தடங்களோடு சென்னை, திருச்சி வழித்தடங்களையும் அது எடுத்துப் பார்த்தது. அவற்றில் இருக்கைகளின் அளவு பெருந்தொற்றுக்கு முந்தைய நிலைக்குக் குறையக் கூடாது என்ற உறுதிமொழியைப் பெற்றது. வேலைக்கும் உறவினர் வீட்டுக்குமாகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய்வருகிறவர்களுக்கு இது நேரடிப் பாதுகாப்பு.

இணைந்த நிறுவனங்களைப் பிறகு பிரிப்பது மிகக் கடினம். விமானிகளின் பணிமூப்புப் பட்டியல், டிக்கெட் பதிவு முறை, கடன் எல்லாம் ஒன்றாகிவிடும். அதனால்தான் கேள்வியை முன்கூட்டியே கேட்க வேண்டும். நாடு முழுவதற்குமான சராசரியை வைத்துக் கேட்காமல், ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.