புகைக்கு எல்லை உண்டா?

சட்டத்திற்கு எல்லை உண்டு, புகைக்கு இல்லை. நம் நாட்டு டீசல் விதிகளின் வரலாறு இதற்குச் சான்று.

2010 ஏப்ரலில் டில்லி, சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் ‘பாரத் ஸ்டேஜ் 4’ விதி அமலாயிற்று. ஏனைய ஊர்களில் தளர்ந்த 3ஆம் நிலையே நின்றது. நகரத்து டீசலில் பத்து லட்சம் பங்குக்குக் கந்தகம் 50 பங்கைத் தாண்டலாகாது. வெளியூரிலோ 350 வரை இருக்கலாம். விதியோ புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கே உரியது. ஆகவே, வெளியூரில் பதிவான லாரி வழியில் வாங்கிய டீசலுடன் நகருக்குள் வந்தது. அதன் புகையும் உடன் வந்தது.

2017 ஏப்ரலில் 4ஆம் நிலை நாடெங்கும் பொதுவாயிற்று. 2020 ஏப்ரலில், 5ஆம் நிலையைத் தாண்டி 6ஆம் நிலை வந்தது. கந்தக வரம்பும் 10 பங்காயிற்று.

எல்லாரும் சுவாசிக்கும் காற்றுக்கு ஊருக்கொரு நீதி பொருந்தாது என்பதே இவ்வரலாற்றில் நான் காணும் பாடம்.