வற்றாப்பளைக்குப் போன வண்டில் பாதை

நெடுங்கேணியில் மழைக்காடு இல்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள், "அங்கிள், ஒரே நாளில ரெயின்ஃபொரெஸ்ற்றும் பீச்சும் காட்டிக்கொண்டு வருவீங்களோ?" என்று கேட்டால், வானில் ஏற்றுவதற்கு முன்னமே இதைச் சொல்லிவிடுவேன். எங்களுடையது உலர்காடு. ஐப்பசியில் தொடங்கித் தை வரை பெய்வதுதான் மழை. மற்ற மாதங்களில் நிலம் பிளந்து கிடக்கும். ஆனாலும் காடு மொட்டையாவதில்லை. பாலையும் வீரையும் கோடையிலும் இலை உதிர்க்காத மரங்கள். இடையிடையே முதிரை, கருங்காலி, ஆற்றோரத்தில் மருது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றின் கதவும் நிலையும் வளையும் இந்தக் காட்டிலிருந்து போன மரங்கள்தான்.

விடியப் புறப்பட்டால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, வற்றாப்பளை, முல்லைத்தீவு என்று போய், கடலோரமாகக் கொக்கிளாய் வரை இறங்கி, பொழுதுபட வீடு வந்து சேரலாம். என் பெத்தாச்சிக்கு வற்றாப்பளை போய்ச் சேரவே ஓர் இரவு வேண்டும். வானில் நான் சொல்லுகிற கதைகளில் பாதி அவவிடம் கேட்டவை. மிச்சம் புத்தகத்தில் படித்ததும், கண்ணால் கண்டதும்.

அந்தக் காலத்தில் யாரும் காடு பார்க்கக் காட்டுக்குள் போகவில்லை. தேனுக்குப் போனார்கள், தடிக்குப் போனார்கள், தப்பிய மாட்டைத் தேடிப் போனார்கள். குடும்பமாகக் கடல்வரைக்கும் போனது வருடத்தில் ஒரு தடவை, வைகாசிப் பொங்கலுக்கு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் பொங்கலுக்கு முன்னோடிச் சடங்கான பாக்குத்தெண்டல் நடந்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன் ஊரில் வண்டில்களுக்குக் கூடாரம் கட்டத் தொடங்குவார்களாம். நெல் குத்திப் பச்சையரிசி எடுத்து, புதுப்பானை, தேங்காய், சர்க்கரை, கட்டுச்சோறு எல்லாம் ஏற்றி, வெயில் சாய்ந்த பிறகு மாட்டைப் பூட்டினால் பகல் வெக்கையிலிருந்து மாடு தப்பும். வண்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே போகும். முன்வண்டிலில் லாந்தர், பின்வண்டிலில் வெடிகாரன். நடுவில் பெண்களும் குழந்தைகளும். யானை பாதையை மறித்து நின்றால் மாட்டை அவிழ்க்காமல் சத்தமின்றிக் காத்திருக்க வேண்டும். ஆனையைவிடக் கரடிக்குத்தான் பெத்தாச்சி பயந்தா.

கரடிப் பயத்துக்குக் காரணம் பாலைப்பழம். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும். மஞ்சளாக, சுட்டுவிரல் நுனி அளவில், கிளை நிறையத் தொங்கும். கடித்தால் முதலில் இனிப்பு. நாலைந்து பழத்துக்குள் பால் உதட்டில் பிசினாக ஒட்டி வாய் திறக்க மறுக்கும். அதற்குத் தேங்காயெண்ணெய் பூச வேண்டும். இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் எண்ணெய்ப் போத்தலை முதலில் காட்டுவதில்லை. ஒட்டட்டும், பிறகு எடுப்பேன். இந்தப் பழத்துக்காகக் கரடி மரமேறும். அடியில் உலுக்கிவிட்ட பழம் பொறுக்கப் போகிறவன் மேலே பார்க்காமல் போனால் கதை முடிந்தது.

காட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மரத்தடியில் குழை முறித்துப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவது வன்னி வழக்கம். பிள்ளையாருக்கோ ஐயனாருக்கோ, கோயிலும் இல்லை, சிலையும் இல்லை. காய்ந்த குழைகளின் குவியல்தான் அடையாளம். தார் போட்ட பிறகு அந்த மரத்தடிகள் பல வீதி அகலிப்பில் போய்விட்டன. நான் இன்னமும் ஒரு குழை முறித்துப் போட்டுவிட்டுத்தான் வானை எடுக்கிறேன். கூட வருகிறவர்கள் படம் பிடிக்கிறார்கள்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் வண்டில்கள் நிற்கும். குரக்கன் தாளுக்கு நெருப்பு வைத்தவன், ஒரு பற்றை மட்டும் எரியாமல் நிற்பதைக் கண்டு வெட்டப்போக, உள்ளே லிங்கம் இருந்தது என்பது கோயிற்கதை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, அதைக் கண்டவன் அரசனும் அல்ல, முனிவனும் அல்ல, சேனைப்பயிர் செய்த ஒரு கமக்காரன் என்பது. கொஞ்சம் மேற்கே திரும்பினால் கற்சிலைமடு. 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து பிடித்த பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்ரோபர் 31இல் வொன் டிறிபேர்க் என்ற அதிகாரி இங்கே தோற்கடித்தான். வென்ற பக்கம் நட்ட ஆங்கிலக் கல்வெட்டு அதைச் சொல்லுகிறது. அடங்காப்பற்று என்று பேர் வாங்கிய நிலம் அதோடு அடங்கியது. தோற்றவனுக்கு நம்மவர்கள் சிலை வைத்தது பிறகு வந்த கதை.

இனி, காட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது. "எவ்வளவு இயற்கை, ஆளே இல்லை" என்று வியக்கிறவர்களை நான் ஒரு இடத்தில் இறக்கி நடக்க வைப்பேன். பற்றைக்குள் ஐந்து நிமிடம் போனால் நீளமாக ஒரு மண்மேடு. மேட்டின்மேல் பெருமரங்கள். ஓரிடத்தில் மேடு அறுந்திருக்கும். அங்கே வெட்டிய கருங்கற்கள் சரிந்து கிடக்கும். அது துருசு, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு. மேட்டுக்கு அப்பால் சமதரையாகப் புல் விரிந்த இடம் குளத்தின் அலைகரை. இந்தப் பக்கம் வயல். இப்போது அதில் வீரைமரம் நிற்கிறது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஒரு புளி, ஒரு இலுப்பை, தலை முறிந்த ஒரு பனை. இவை தாமாகக் கூட்டமாய்க் காட்டில் முளைக்கிற மரங்கள் அல்ல. அடியில் கிளறினால் பானை ஓடு வரும்.

வன்னிக் காட்டில் கணிசமான பகுதி இப்படிக் குளமும் வயலும் மூடி வளர்ந்த காடு. ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கையேடு எழுதினார். பாழடைந்த குளங்களும், காய்ச்சலும், ஒரு சில குடும்பங்களோடு மெலிந்து நின்ற ஊர்களும் அந்தப் புத்தகம் முழுக்க வருகின்றன. குளம் உடைந்தால் நெல் போகும். நெல் போனால் ஆள் போகும். தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகி, மிஞ்சியவர்களை மலேரியா கொண்டுபோகும். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு வந்த பிறகுதான் இந்தக் காட்டோரத்தில் மறுபடி குடி பெருகத் தொடங்கியது.

வற்றாப்பளை நந்திக்கடல் ஏரிக்கரையில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி இலங்கைக்கு வந்து இடமிடமாகத் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் இது என்பார்கள். கிழவி வேடத்தில் வந்தவளை மாடு மேய்த்த பிள்ளைகள் கண்டார்கள். விளக்கேற்றச் சொன்னாள். எண்ணெய் இல்லை என்றார்கள். கடல் தண்ணீரை ஊற்றச் சொன்னாள், எரிந்தது. அந்த நினைவாகத்தான் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்னர், ஒரு திங்கட்கிழமை, சிலாவத்தை தீர்த்தக்கரையில் கடலில் இறங்கித் தீர்த்தம் எடுக்கிறார்கள். அந்த உப்புநீர் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குப் போகும். அங்கே அதில் விளக்கு எரியும். ஞாயிறு அங்கே பொங்கல். அடுத்த நாள் மடைப்பண்டங்களோடு விளக்கு வற்றாப்பளைக்கு வர, விடிய விடியப் பொங்கல். காட்டு ஊரவர்கள் நெல் கொண்டுபோனார்கள், கரை ஊரவர்கள் மீன் விற்ற காசோடு வந்தார்கள். இரண்டு பக்கத்துச் சனமும் ஒருவரையொருவர் கண்டு, கருவாடு மாற்றி, மாடு விலை பேசி, கலியாணமும் பேசி முடித்த இடம் அந்தக் கோயில் வெளி. திரும்பி வருகிற வண்டில்களில் கருவாட்டு மணம் ஊர் வரை வருமாம்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தபின், பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பேர் மாறின. வன்னியில் அந்தக் கண்டனம் எடுபடவில்லை. முல்லைத்தீவுக் கோவலன் கூத்து ஆடப்பட்டுக்கொண்டே இருந்தது. அம்மனும் கண்ணகியாகவே இருந்தாள். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்களும் வற்றாப்பளைப் பொங்கலைக் கண்டுவிட்டுத்தான் கொக்கிளாய்ப் பக்கமாகத் திருகோணமலைக்கு இறங்குவார்கள்.

போருக்குப் பிறகு, 2010இலிருந்து, தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு வேறு சுற்றுலா இருந்தது: பிரபாகரனின் நிலக்கீழ் வீடு, நீச்சல் குளம், 2006 டிசம்பரில் கரை தட்டிய ஜோர்தான் கப்பல் ஃபாரா 3. நிலக்கீழ் வீட்டை 2013இல் இராணுவம் தகர்த்தது. கப்பலையும் வெட்டிக் கொண்டுபோனார்கள். போர் முடிந்த முள்ளிவாய்க்கால் பக்கம் நான் யாரையும் சுற்றுலாவாகக் கூட்டிப்போவதில்லை. சொந்தக்காரரை இழந்தவர்கள் கேட்டால் போவேன். அன்று கூலி வாங்குவதில்லை.

முல்லைத்தீவிலிருந்து தெற்கே அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய். இந்தக் கரைதான் பிள்ளைகள் "வைல்ட் பீச்" என்று துள்ளுகிற இடம். அடம்பன் கொடி மணலில் பின்னிக் கிடக்கும், இராவணன் மீசை காற்றில் உருண்டோடும், களப்பு ஓரத்தில் கண்டல். தெற்கே போகப்போக மணலில் கறுப்புக் கோடுகள் தெரியும். அது இல்மனைற், புல்மோட்டையில் அதை அள்ளுவதற்காக 1957இல் கூட்டுத்தாபனமே அமைத்தார்கள். நண்பகலில் அந்தக் கறுப்பு மணலில் வெறுங்காலோடு ஓடிப் பாருங்கள், பிறகு செருப்பை மறக்கமாட்டீர்கள். கொக்கிளாய்க் களப்பு 1951இலிருந்து பறவைகள் சரணாலயம். நாயாறும் நந்திக்கடலும் 2017இல் இயற்கை ஒதுக்கிடங்களாயின.

இந்தக் கரை வெறிச்சோடியதற்கு நாள்கணக்கே இருக்கிறது. நெடுங்கேணிக்குக் கிழக்கே கென்ற் பாம், டொலர் பாம் என்று இரண்டு பண்ணைகள். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் காந்தீயம் அமைப்பின் உதவியோடு அங்கே குடியேறியிருந்தார்கள். 1984இல் அவர்களைக் கலைத்துவிட்டு அரசாங்கம் சிங்களக் கைதிகளைக் குடும்பங்களோடு இருத்தியது. அந்த ஆண்டு நவம்பர் 30இல் விடுதலைப் புலிகள் பண்ணைகளைத் தாக்கினார்கள். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். இதையும் சொல்லாமல் நான் கதையை நகர்த்துவதில்லை. அடுத்த மாதமே கொக்கிளாய் முதல் செம்மலை வரையான ஊர்களை இராணுவம் காலி செய்தது. நாற்றுப் பருவத்தில் வயலை விட்டு, ஈரவலையை விட்டு, உடுத்த துணியோடு நடந்தார்கள். 1988இல் அந்தப் பண்ணைகள் இருந்த மணலாற்றுப் பகுதி வெலிஓயா என்று பேர் மாறி மகாவலித் திட்டத்துக்குள் போனது. கொக்கிளாய்ச் சனம் சொந்த மண்ணை மறுபடி மிதித்தது போர் முடிந்த பிறகுதான், கால் நூற்றாண்டு கழித்து. இதற்கிடையில் 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடலும் வந்து போனது.

திரும்பியவர்கள் கண்டது கரைவலைப் பாடுகளில் வேறு ஆட்களின் வாடிகளை. நீர்கொழும்பு, சிலாபப் பக்கத்து மீனவர்கள் பருவத்துக்கு வந்து போவது பழைய வழக்கம்தான். பருவம் முடிந்து போகாமல் தங்கியதுதான் சிக்கல். முன்னர் கரைவலை இழுக்க இரண்டு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள் நின்று அம்பா பாடி இழுப்பார்கள். மடி கரைக்கு வரும்போது ஊரே கூடும். பிறகு உழவியந்திரத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கினார்கள். இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை.

வீடு திரும்புகிற வழியில் எங்கள் பக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். காஞ்சூரமோட்டை போன்ற ஊர்களில் போரில் இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வந்தபோது காணியில் காடு நின்றது. காடு நின்றதால் அது வனத் திணைக்களத்தின் நிலம் என்றானது, எல்லைக்கல் நட்டார்கள். ஒலுமடுவில் வெடுக்குநாறி மலை ஆதிலிங்கேஸ்வரரைக் கும்பிடத் தொல்லியல் சட்டம் குறுக்கே நின்றது. 2023இல் அங்கிருந்த விக்கிரகங்களை யாரோ உடைத்தெறிந்தார்கள். 2024 சிவராத்திரி இரவில் கும்பிடப் போனவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸார் கைதுசெய்தார்கள். நான் காட்டுக்கு எதிரி அல்ல. என் பிழைப்பே அதில்தான். ஆனால் முப்பது வருடத்துப் பற்றையை ஆதிகாலக் காடு என்று சொல்லி, அந்த நிலத்தை வெட்டி விதைத்தவனின் பேரனை வெளியே நிறுத்துவது காடு காக்கிற வேலை அல்ல.

நிலம் தங்களுடையதென்று காட்ட வேண்டிய எங்கள் சனத்தின் உறுதியும் பெர்மிற்றும் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற உங்கள் வீட்டுப் பெட்டிகளில், அம்மா அப்பா கொண்டுவந்த பழைய கடதாசிக் கட்டுகளில், இந்தப் பக்கத்துக் குளத்தின் பெயரோ வயலின் எல்லையோ எழுதிய ஒரு காணி உறுதி இருக்கக்கூடும். அடுத்த வைகாசிக்கு வரும்போது அதன் படியொன்றைக் கொண்டுவாருங்கள். வர முடியாவிட்டால் ஊரிலிருக்கும் உறவினருக்குப் படமெடுத்தாவது அனுப்புங்கள்.