எல்லைக்கு இந்தப் பக்கம் புழுங்கல்

கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி தாண்டினால் எளாவூர் சோதனைச்சாவடி. பிறகு ஆரம்பாக்கம், தடா, ஆந்திரம் வந்துவிடும். கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. ஏரியோரக் குப்பங்களின் வலையில் விழும் இறாலுக்கும் நண்டுக்கும் மடவைக்கும் மாநில எல்லை கிடையாது. ஆனால் சோற்றுப்பானையில் ஒரு எல்லை இருந்தது. தெற்கே தமிழ்நாட்டில் உழைக்கும் மக்கள் உண்டது பெரும்பாலும் புழுங்கலரிசி. வடக்கே போகப்போக, கடலோர ஆந்திரத்தில், பச்சரிசி. சுவை பற்றிய விஷயமாகத்தான் அதை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது உயிர் பற்றிய விஷயம் என்று 20ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது.

காரணம் ஒரு நோய். அதன் பெயர் பெரிபெரி. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். இதை விவரித்து எழுதிய முதல் ஐரோப்பிய மருத்துவர்களில் ஒருவர் யாகோபஸ் போன்டியஸ். 1627இல் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு வந்த டச்சுக்காரர். பத்தாவியாவுக்கும் நம் ஏரிக்கும் அப்போது நெருங்கிய தொடர்பு இருந்தது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியிருந்தார்கள். இங்கிருந்து துணி மூட்டைகள் பத்தாவியாவுக்குக் கப்பலேறின. அடிமைகளாக மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள்.

நோயின் முடிச்சும் அதே பத்தாவியாவில்தான் அவிழ்ந்தது. 1890 வாக்கில் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் தன் ஆய்வுக்கூடக் கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதைக் கண்டார். இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மீந்த தீட்டிய வெள்ளரிசிச் சோறு அவற்றுக்குத் தீனியாகி வந்தது. புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கொடுக்க மறுத்ததும் தீனி மாறியது, கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மானின் நண்பர் வோர்டர்மான் ஜாவாவின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளில் ஒருவருக்குப் பெரிபெரி; தவிடு போகாத அரிசி போட்ட சிறைகளில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அந்த ‘ஏதோ’வுக்கு 1912இல் காசிமிர் ஃபங்க் வைட்டமின் என்று பெயர் வைத்தார். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி கதை நீலகிரிக்கு வருகிறது. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918இல் ஓர் அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார் ராபர்ட் மெக்கரிசன். அந்த ஓர் அறைதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வகம் ஆயிற்று. 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மெக்கரிசனுக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். ஏக்ராய்டு நம்முடைய கேள்வியைக் கையில் எடுத்தார். ஒரே சென்னை மாகாணம். எங்கும் அரிசிச் சோறு, எங்கும் ஏழ்மை. பெரிபெரி மட்டும் ஏன் வடசர்க்கார் என்ற கடலோர ஆந்திர மாவட்டங்களில் குடிகொண்டிருக்கிறது? தமிழ் மாவட்டங்களில் ஏன் அவ்வளவாக இல்லை?

விடை நெல்லை அவிக்கும் அண்டாவில் இருந்தது. பி1 வைட்டமின், அதாவது தயமின், அரிசியின் மேலுறையிலும் முளைப் பகுதியை ஒட்டியும் இருக்கிறது, தண்ணீரில் கரையக்கூடியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தவிட்டை எவ்வளவு நீக்கினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். நம் நாட்டு உணவு அட்டவணைப்படி, மில்லில் தீட்டிய 100 கிராம் பச்சரிசியில் தயமின் 0.06 மில்லிகிராம். மில்லில் தீட்டிய புழுங்கலில் 0.21. மூன்றரை மடங்கு! அதே பச்சரிசியை உரலில் கைக்குத்தலாகக் குத்தினாலும் 0.21தான். ஆகவே பச்சரிசியைக் குற்றவாளி ஆக்கக்கூடாது. உலக்கையின் வேலையை மில் பறித்துக்கொண்ட பிறகு பச்சரிசி உண்டவர்களுக்குக் காப்பு இல்லாமல் போயிற்று. புழுங்கல் உண்டவர்களை அவிப்பு காத்தது.

எந்த மருத்துவரும் சொல்லாமல், பெயர் தெரியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுப்பின்முன் நின்று செய்த வேலை இது. தயமினின் வேதி அமைப்பு 1936இல்தான் தெளிவானது. அந்தப் பெண்களுக்கு வரலாற்று நூல்களில் ஒரு வரி கூட இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

மீன் தின்பவர்களுக்கு வைட்டமின் கவலை எதற்கு என்று ஏரியோரத்தில் கேட்கலாம். மீன் நிறையத் தருகிறது: அரிசியிலும் கீரையிலும் கிடைக்காத பி12, ஈரலில் ஏ, டி வைட்டமின்கள், முள்ளோடு மென்று தின்னும் பொடிமீனில் சுண்ணாம்புச் சத்து. ஆனால் சி வைட்டமினுக்கு நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, கீரை என்றுதான் போகவேண்டும். தயமினுக்கோ, மூன்று வேளையும் சோறு உண்கிற வீட்டில், அரிசியைத்தான் பெரிதும் நம்பவேண்டும். ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டாது. வைட்டமின் ஆராய்ச்சி திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி இதுதான். பெரிய இறால் வியாபாரிக்குப் போய்விட்ட நாளில் வீட்டுக்கு மிஞ்சுவது சோறும் குழம்பும்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

பெரிபெரி இன்று நம் பக்கம் பெரிதாகப் பேசப்படுவதில்லை. பருப்பு, முட்டை, காய்கறி என்று தட்டு மாறியிருக்கிறது. ஆனாலும் தட்டில் சோறே நிறைந்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அந்த வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். மல்லிகைப்பூ மாதிரி வெளுத்த அரிசிதான் கௌரவம் என்று நினைக்காதீர்கள். அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவிக் கொட்டாதீர்கள். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கரைந்த சத்து அதில்தான் போகிறது. ரேஷன் கடையில் புழுங்கலரிசி கிடைக்கும்போது முகம் சுளிக்காமல் வாங்கிச் சமையுங்கள்.