அந்தமான் காவியும் நம் வாசல் செம்மண்ணும்

நம் அங்கத்தினர்களில் பலர் எல்.டி.சி.யில் அந்தமான் போய் வந்தவர்கள். சில வருஷங்களுக்கு முன் எங்கள் கோஷ்டியும் போனது. வேனில் ஒரு மாமா, "இங்கே காட்டில் இருக்கிறவா உடம்பெல்லாம் மண்ணைப் பூசிண்டு திரிவாளாமே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஊர் திரும்பிச் சில புத்தகங்களைப் புரட்டிய பிறகு, சிரித்தது தப்பு என்று பட்டது.

1869-ல் அந்தமானுக்கு வந்த ஈ.எச். மேன் என்ற ஆங்கிலேய அதிகாரியும், 1906 முதல் 1908 வரை அங்கே ஆராய்ச்சி செய்த ராட்கிளிஃப்-பிரவுனும் இந்தப் பூச்சுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பெரிய அந்தமானியர் பூசியவை மூன்று. முதலாவது சாதாரணக் களிமண். அவர்கள் மொழியில் 'ஓடு'. (நம் கூரை ஓட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) இரண்டாவது, நம் நாமக்கட்டி போன்ற சன்னமான வெள்ளை மண். இதைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய கோடுகளாக இடுவார்கள். அது பெண்களின் கைவேலை. கணவனுக்கும் மனைவிதான் இட்டுவிடுவாள்.

மூன்றாவது சிவப்பு. இரும்புச் சத்துள்ள மஞ்சள் மண்ணை எடுத்து, உலர்த்தி, நெருப்பில் சுடுவார்கள். சூட்டில் அதிலுள்ள நீர் பிரிந்துபோய், மஞ்சள் சிவப்பாக மாறிவிடும். பொடி செய்து, ஆமை அல்லது பன்றியின் கொழுப்பில் குழைத்தால் பூச்சு தயார். நம் காவிக்கல்லுக்குச் சிவப்பைக் கொடுப்பதும் இதே இரும்பு ஆக்ஸைடுதான். இன்று கடையில் வாங்கும் லிப்ஸ்டிக்கிலும் ஃபவுண்டேஷனிலும்கூட இது இருக்கிறது. தொழிற்சாலையில் தயாரானது என்பதுதான் வித்தியாசம்.

விஷயம் இதோடு நிற்கவில்லை. எதை எப்போது பூசலாம் என்பதற்கு அவர்களிடம் கண்டிப்பான முறை இருந்தது. மாமிசம் சாப்பிட்டபின் அதன் வாசனைக்கு ஆவிகள் வரும் என்று களிமண் பூசினார்கள். நோயாளிக்குச் சிவப்பு மருந்து. நாட்டியத்துக்கும் விசேஷத்துக்கும் வெள்ளையும் சிவப்பும் சேரும். வீட்டில் சாவு என்றால் இரண்டும் கூடாது. உடம்பு முழுக்க வெறும் களிமண்தான். துக்கம் காப்பவருக்குப் பெயரே 'அகா-ஓடு'. அவர் ஆடக்கூடாது, சில உணவுகளைத் தொடக்கூடாது. இறந்தவர் பெயரையும் சொல்லக்கூடாது.

நம் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். விசேஷ தினத்தில் மாக்கோலத்துக்குச் செம்மண் இடாமல் விடமாட்டோம். சிராத்தத்தன்று வாசலில் கோலமே கிடையாது. வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் சுபம் என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஒன்றில் மட்டும் வித்தியாசம். சில மாதங்கள் கழித்து, இறந்தவரின் எலும்புகளை எடுத்துக் கழுவி, அவற்றுக்கும் சிவப்பும் வெள்ளையும் தீட்டுவார்கள். துக்கம் காத்தவர்கள் களிமண்ணைக் கழுவிவிட்டு, அதே வர்ணங்களை இட்டுக்கொண்டு, அழுது, ஆடி, துக்கத்தை முடிப்பார்கள். கணவனை இழந்தவளுக்கும் சிவப்பு திரும்ப வந்துவிடும். இருபத்தாறு வயதில் குங்குமத்தை இழந்த என் பாட்டிக்கு, எண்பது வயதுவரை அது திரும்ப வரவேயில்லை.

இந்த முறைகளை அறிந்தவர்கள் வேகமாகக் குறைந்துபோனார்கள். 1858-ல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றியபோது, பெரிய அந்தமானியர் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். 1877-ல் தட்டம்மை வந்தது. மற்ற நோய்களும் சேர்ந்துகொண்டன. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர்தான். இன்று ஸ்ட்ரெய்ட் தீவை ஒட்டிய வாழ்க்கையில் சுமார் 50 பேர் இருக்கிறார்கள்.

ஜாரவா மக்கள் இன்னும் மண் பூசிக்கொள்கிறார்கள். அவர்கள் காட்டை ஊடுருவி அந்தமான் நெடுஞ்சாலை போகிறது. அங்கே பெண்களைச் சாப்பாட்டுக்காக ஆடவைத்துப் படமெடுத்தது 2012-ல் வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அந்தச் சாலையில் வண்டியை நிறுத்துவதும், அவர்களைப் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். அடுத்த கோஷ்டியை அழைத்துப்போகும் அன்பர்கள் இதை வேனிலேயே சொல்லிவிடுவது நல்லது.